பாட்டு வைக்காத கூட்டம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற மக்களே,

கடைக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருக்கிற, கறண்டுக் காருக்கான சார்ஜ் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற என்னை அப்புறம்தான் பார்த்திருப்பீர்கள். "இந்தக் கிழவி எதுக்கு இஞ்ச இருக்காவ?" என்று உங்களில் ஒருத்தன் மெதுவாகக் கேட்டான். எனக்குக் காது நல்லாவே கேட்கும். அவனுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நின்று பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வரும், நேரம் எடுக்கும். பேட்டரியும் மெதுவாக ஏற்றினால்தான் நிற்கும், கேட்டீர்களா.

உங்களுக்குக் கம்பி இழுக்க, பெட்டி மாட்ட, எர்த் போட எல்லாம் சொல்லித் தந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். பெட்டி மாட்டின பிறகு அந்த வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள், அதற்கு என்ன சொல்வது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

போன மாசம் அதியன்னூரிலிருந்து ஒருத்தர் காரோடு வந்தார். கள்ளிக்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார். வண்டி முன்னே மாதிரி ஓட்டம் தரவில்லை என்று அவருக்குச் சங்கடம். பையன்கள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கேட்டேன்.

"வீட்ல எப்ப சார்ஜ் போடுவிய?"

"வந்த உடனே குத்தி வச்சிருவேன் அக்கா. காலையில நூறு காட்டும்."

"தினமும் நூறா?"

"தினமும்."

"தினமும் எங்க போவிய?"

"கள்ளிக்காடு. வேற எங்க?"

"போயிட்டு வந்தா எம்புட்டு குறையும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கால்வாசி கூட இல்ல."

"பின்ன எதுக்கு தினமும் வாய் வரைக்கும் ஊத்துறிய?"

அவர் சிரித்துவிட்டார். "ஒரு பேடிதான் அக்கா. திடீர்னு எங்கயாவது போக வேண்டி வந்தா?"

பேடி என்றால் பயம். உள்ளதைச் சொன்னாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்த வேலையில் பாதி கறண்டு, பாதி பேடி. பயத்தில் நிறைக்கிறார்கள். நிறைத்துவிட்டு முற்றத்து வெயிலில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தைரியம் வந்தால் அதற்கு நேர் எதிர்: முள் அடியைத் தொடுகிற வரை ஓட்டி, அணைக்கட்டு ஏற்றம் ஏறி இறங்கி, வண்டி கொதிக்கக் கொதிக்க வந்து அந்தச் சூட்டோடேயே செருகுகிறார்கள். ஜன்னல் வழியாக அயர்ன் பாக்ஸ் வயரை நீட்டிச் சார்ஜ் போட்ட வீட்டையும் இந்தக் கடைப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். பிளக் கருகி, பீடி வாசம் மாதிரி அடித்ததாம்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் திட்டாமல் சொல்ல வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கு முழுக்க நிறைக்க வேண்டாம், கொஞ்சம் குறைத்து நிறுத்துங்கள். தூரப் பயணம் இருந்தால் மட்டும், அதுவும் புறப்படுவதற்குச் சற்று முன்னால் நிறையட்டும். அடி காணுகிற வரை விடாதீர்கள். ஓடி வந்த வண்டி ஒரு சாயா குடிக்கிற நேரம் ஆறட்டும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சார்ஜுக்கென்று தனி லைன், நல்ல எர்த் வையுங்கள். ரோட்டோரத்து அவசரச் சார்ஜ் வழியில் அகப்பட்டவனுக்கு உள்ளது, தினசரிச் சோறாக வேண்டாம். வாரம் ஒரு முறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். சில வண்டிகளுக்கு இடைக்கிடை முழுசாக நிறைக்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருப்பானாம். அது வண்டிக்கு வண்டி மாறும். வாசிக்கத் தெரிந்த உங்களுக்கு அதை எடுத்து வாசிக்க என்ன மடி, என்ன சோம்பல்?

நான் பழகின பழைய ஈயப் பேட்டரிக்கும் இந்தப் புதுசுக்கும் குணம் வேறு. அது வெறும் வயிற்றோடு கிடந்தால் செத்துப் போகும். நிறைவாக வைத்தால் சந்தோஷம். இதற்கு நிறைவாகவே கிடப்பதும் ஆகாது. அதனால் நான் பழசைச் சொல்கிறேன் என்று அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடும் அவசரமும் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுபோலப் பகை. பேடியும் மாறவில்லை. எனக்கு அது ஒரே நாளில் விளங்கிற்று.

அப்போது இந்தக் கடை, நெல்லுக் குத்துகிற மில்லை ஒட்டின ஒரு ஓலைச் சாய்ப்பு. மில் எஞ்சின் ஓடும்போது ஒரு பெல்ட் இந்தப் பக்கம் வந்து டைனமோவைச் சுற்றும். அந்தக் கறண்டில் பஸ் பேட்டரி, லாரி பேட்டரி, வசதியான வீட்டு ரேடியோ பேட்டரி எல்லாம் வரிசையாக நின்று ஏறும். நடத்தினவர் பட்டாளத்தில் லாரிகளுக்குக் கறண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். ஆசான் என்று கூப்பிடுவோம். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் எழுத மாட்டேன்.

நான் அங்கே மழைத்தண்ணீர் பிடிக்கப் போனவள். பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர் திருவனந்தபுரத்திலிருந்து வரும், பல நாள் வராது. முதல் மழையை விட்டுவிட்டு, வெட்டவெளியில் வெள்ளைத் துணி கட்டி, கண்ணாடிப் பரணியில் பிடித்து மூடி வைப்பேன். பிறகு பேட்டரி முனையில் பூக்கிற உப்பை ஆப்பச்சோடாத் தண்ணீரால் துடைக்க விட்டார். பிறகு புறங்கையால் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்க்க. கடைசியாகப் பலகையில் கறண்டு மீட்டர்க் கண்ணாடிக்குள் ஓடுகிற முள்ளைப் பார்க்க விட்டார். அந்தக் கண்ணாடியின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தார்.

"எடீ பெண்ணே, முள்ளு இதைத் தாண்டினா பேட்டரிக்குக் காய்ச்சல்னு வச்சுக்க. யாரு வந்து பறஞ்சாலும் தாண்டப்பிடாது. நான் வந்து பறஞ்சாலும்."

எண் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது. எண்ணிடம் வாதாடலாம், கோட்டிடம் முடியாது.

எல்லைக்காகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் தமிழ் பேசுகிற ஊர்களை மதராசோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் கூட்டம் போட்டார்கள். ஒரு பிடி மண்ணும் போகாது என்று இன்னொரு பக்கம் கூட்டம் போட்டார்கள். ஆசானின் வீடு மண் போகாது என்ற அந்தப் பக்கம், என் வீடு மதராசு கேட்ட இந்தப் பக்கம். சாய்ப்புக்குள் நாங்கள் அதைப் பேசியதில்லை, பேட்டரிக்குத் தண்ணீர் போதுமா என்றுதான் பேசுவோம். ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் மைக் வேண்டும். சுற்று வட்டாரத்துக்கு இருந்தது ஒரே மைக்செட்டு. கோயில் கொடைக்கும் அதுதான், பள்ளி என்கிற சர்ச்சுத் திருநாளுக்கும் அதுதான்.

வைத்திருந்தவர் கடப்புறத்துக்காரர், மீன்பிடிக்கிற குடும்பம். வள்ளத்தில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும் என்று கரையிலேயே ஒரு தொழில் பிடித்தவர். நல்ல மனுஷன். பேட்டரியிடம் மட்டும் இரக்கம் கிடையாது. மைக்கில் பேசுகிறவர் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்குகிற வரை ஓட்டுவார். ஆசான் எத்தனையோ ஏசியிருக்கிறார். அதோடு இந்தப் பக்கத்துக்கே உள்ள ஒரு பழக்கம்: கூட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்னாலேயே தென்னை மரத்தில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டிப் பாட்டுத் தட்டு சுழல விடுவது. பாட்டுக் கேட்டால்தான் ஜனம் வயலிலிருந்து கரையேறும். பாட்டு முடிந்து தலைவர் எழும்பும்போது பேட்டரி பாதிச் சீவன் போய் நிற்கும். தலைவர் பேச்சை முதல் நாலு வரிசை கேட்கும். மற்றவர்கள் பாட்டைக் கேட்ட திருப்தியில் வீட்டுக்குப் போவார்கள். அதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கூட்டம் ஒன்று இருந்த அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் தறியில் உட்காரவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு நானாக்கும் கொடி பிடிக்கது" என்றார்.

"முன்னாலயா?"

"பின்னால நின்னா கொடியை எவன் பாப்பான்?"

"கேட்டியளா, தெக்க போலீசு வெடி வச்சு ஆள் செத்த சேதி வந்து எத்தன நாளாச்சு? அதுக்குள்ள மறந்துட்டா?"

"மறக்காததுனாலதான் போறேன் பிள்ளே."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. எங்களுக்குக் கல்யாணம் ஆகி அடுத்த ஓணம் கூட வந்திருக்கவில்லை. நான் கஞ்சியை மூடி வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன்.

ஆசான் ஆசிட் வாங்கத் திருவனந்தபுரம் போயிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மைக்செட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார், கூடவே கூட்டம் நடத்துகிற கமிட்டிக்காரர் ஒருத்தர். தொட்டுப் பார்த்தேன். வெயிலில் வந்த சூடும், முந்தின ராத்திரி நெய்யாற்றின்கரையில் அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு ஓடின சூடும். கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தால் உள்ளே மிதவை எழும்பவே இல்லை. செத்ததுக்குச் சமம்.

"மத்த பேட்டரி எங்க அண்ணே?"

"அது போன திருநாளுக்கே வாயைப் பொளந்துட்டு. இது ஒண்ணுதான் உண்டு. வெயில் தாழ முன்ன வேணும்."

"நாளைக்குக் காலையிலதான் ஆகும்."

கமிட்டிக்காரர் முன்னால் வந்தார். "நாளைக்கு எதுக்கு, காரியத்துக்கா? எஞ்சினை முறுக்கச் சொல்லு. கறண்டைக் கூட்டு."

"கூட்டினா கொதிக்கும்."

"கொதிச்சாத்தானே வேகும்?"

"இது சோறு இல்ல அண்ணாச்சி. பால் பொங்குனா செம்பு நெறஞ்ச மாதிரி இருக்கும். தீயை அணைச்சா அடியில கிடக்கும். பல்பு வச்சுப் பாத்தா நல்லா எரியும், நாலு வார்த்தை பேச முன்ன படுத்துரும்."

அவர் பலகையைப் பார்த்தார், சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து அவன்மாருக்கு முழுசாப் போட்டுக் குடுத்திய. இன்னைக்கு நமக்குன்னதும் கோடு, காய்ச்சல், பால், செம்பு! உங்க ஆசான் இன்னைக்குன்னு பாத்து திருவனந்தபுரம் போனது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?"

மைக்செட்டுக்காரர் அவரை அடக்கப் பார்த்தார். அவர் அடங்கவில்லை. "எடியே, உன் மாப்பிளையாக்கும் முன்னால கொடி பிடிக்கான். அவன் கூட்டத்துக்கு நீ சார்ஜ் போட மாட்டியா?"

மக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் யாரும் எல்லையைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. ஆனால் இதே குரலில் ஒருத்தர் ஒரு நாள் கட்டாயம் வந்து நிற்பார். கல்யாணம், ஆஸ்பத்திரி, விமானம் என்று எதையாவது சொல்வார். அவர் சொல்வது பொய்யாகவும் இராது. நமக்கும் நெஞ்சு அடிக்கும். எனக்கு அன்றைக்கு அடித்தது. ஆசான்மேலும் ஒரு நொடி சந்தேகம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு போட்டது பேட்டரிக்காகத்தானா என்று.

புறங்கையைப் பெட்டிமேல் வைத்தேன். சூடு இருந்தது. அந்தச் சூட்டுக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆசான் நல்லவரோ கெட்டவரோ, கூட்டினால் கொதிக்கும். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

"முதல்ல ஆறட்டும்" என்றேன். "அப்புறம் கோட்டுக்குள்ள ஏத்துவேன். மில்லு நிக்கிறது வரை எம்புட்டு ஏறுதோ அம்புட்டுதான். பாதி கூட வராது. நம்ம கையில பாதிதான் உண்டுன்னு நெனச்சு நடத்துங்க."

"பாதி எதுக்குக் காணும்?"

"பாட்டு வைக்காட்டா காணும். பேச்சுக்குப் போதும்."

மைக்செட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "பாட்டு வைக்காத மீட்டிங்கா? எழவு வீட்டுல கூட ஒப்பாரி உண்டு பிள்ளே!"

"வச்சா பேட்டரியைத் தரமாட்டேன். நானும் கூட வாறேன். வயர் என் கையில இருக்கும்."

"பொம்பிளையா? மேடைக்குப் பின்னாலயா?"

"முன்னால இருக்கவும் எனக்கு மடி இல்ல."

அவர் கமிட்டிக்காரரைப் பார்த்தார். கமிட்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது ஏதோ சொன்னார், எழுதத் தகாது.

கூட்டம் அறுப்பு முடிந்த ஒரு வயலில். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் ரோடு, நடுவில் பெஞ்சுமேல் பலகை போட்ட மேடை. நான் மேடைக்குப் பின்னால் ஒரு பனையோலைக் கடவக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் பேட்டரிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வயர்க் கவ்வி ஒன்று பேட்டரி முனையில், மற்றது என் கையில். பாட்டு இல்லாததால் ஜனம் சிறுகச் சிறுகத்தான் வந்தது. வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை.

"எலே மைக்செட்டு! தட்டெல்லாம் கடல்ல போச்சா?"

"வாந்தி எடுத்து அடைச்சிருக்கும்ல!"

அவர் பாவம், என்னை முறைத்துக்கொண்டே நின்றார்.

கமிட்டிக்காரர் வரவேற்க எழும்பினார், நான் கவ்வியை மாட்டினேன். வந்தவர் வராதவர் எல்லார் பேரையும், அவரவர் அப்பன் பேரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுத்தேன். பேர்கள் தீரவில்லை. கவ்வியை எடுத்துவிட்டேன். அவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், திரும்பிப் பார்த்தார்.

"வயரைப் பிடுங்கினது எவன்?"

"நானாக்கும்" என்றேன். "தொண்டை உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி? காலையில மில்லு சத்தத்துலயே எனக்குக் கேட்டுது."

வயல் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் கொடியோடு இருந்த என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் கவிழ்த்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கெட்டின பெண்டாட்டி ஊர் நடுவில் இப்படி நின்றால் ஆம்பிளைக்கு மானக்கேடுதான். ஆனால் கவ்வி என் கையில் இருந்தது.

தலைவர் பேச வந்தபோது மாட்டினேன். அவர் தெற்கேயிருந்து வந்தவர், மெலிந்த மனுஷன், சத்தம் போடாத குரல். பேச்சு பாதி நடக்கையில் ரோட்டில் போலீஸ் லாரி வந்து நின்றது. துப்பாக்கியோடு இறங்கி வரப்பு நெடுக வரிசையாக நின்றார்கள். அதிகாரி ஒருத்தர் மேடைக்கு வந்து தலைவரிடம் பேசினார். அதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். கூட்டத்துக்குத் தடை வந்திருக்கிறது, கலைய வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னால் ஓடுவார்கள். ஓடினால் என் ஆட்கள் பயப்படுவார்கள். நீங்களே சொல்லுங்கள்" என்றார். அந்த மனுஷன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அவருக்கும் பேடி.

அதற்குள் வயல் அசையத் தொடங்கிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் என்னவென்று பார்க்க முன்னால் தள்ளினார்கள். முன்னால் இருந்தவர்கள் பின்னால் நெருக்கினார்கள். தோப்புப் பக்கமிருந்து ஒரு கல் பறந்து வந்து வரப்பில் விழுந்தது. வரப்பில் நின்றவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திக் கூட்டத்துக்கு நேராகப் பிடித்தார்கள். இரண்டுக்கும் நடுவில், எல்லாரும் எழுந்த இடத்தில், கொடியோடு என் வீட்டுக்காரர். வெள்ளை வேட்டி தனியாகத் தெரிந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக்செட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கவ்வி நன்றாகக் கடித்திருக்கிறதா என்று அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இரியுங்க, உக்காருங்க" என்றார் தலைவர். "நின்ன நின்ன இடத்துல இரியுங்க. ஒருத்தரும் ஓட வேண்டாம். இரியுங்க."

குழாயில் அந்தக் குரல் கொஞ்சமும் நடுங்காமல் தோப்பின் கடைசி மரம் வரை போயிற்று. கல் எடுத்தவனுக்கும் கேட்டது, வரப்பில் நின்றவர்களுக்கும் கேட்டது. முதலில் கொடி தாழ்ந்தது, அவர்தான் முதலில் உட்கார்ந்தார். பிறகு காற்றில் கதிர் சாய்கிற மாதிரி வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருக்கிற ஆள்மேல் யாருக்கும் சட்டென்று கை ஓங்க வராது. துப்பாக்கிகள் மெல்ல நிமிர்ந்து தோளுக்குத் திரும்பின.

"இனி கடைசி வரிசை மட்டும் எழும்புங்க. நடந்து போங்க. அடுத்த வரிசை நான் சொன்ன பெறவு."

அப்படி ஒவ்வொரு வரிசையாகப் பின்னாலிருந்து அனுப்பினார். நான் புறங்கையைப் பேட்டரிமேல் வைத்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறியது. குரல் மெலிந்தது. அது எனக்கு முதலில் தெரிந்தது, பிறகு மைக்செட்டுக்காரருக்கு. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நடு வரிசைகள் எழும்புவதற்கு முன்னால் குழாய் ஆட்டுக்குட்டி போல ஒரு தரம் நடுங்கி நின்றுவிட்டது.

வயலில் தலைகள் நிமிர்ந்தன. என்ன, எது என்று ஒரு முணுமுணுப்பு. தலைவர் வெறும் தொண்டையில் சொன்னது முன்வரிசைக்குத்தான் கேட்டது. அப்போது என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே பின்னால் இருந்தவனிடம் திரும்பி, "நடு வரிசையாக்கும் எழும்பணும். ஓடப்பிடாது. பின்னால சொல்லு" என்றார். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். அவன் அதற்கடுத்தவனுக்கு. பேட்டரி விட்ட இடத்திலிருந்து வாய்கள் எடுத்துக்கொண்டன.

அன்றைக்கு அந்த வயலில் வெடி கேட்கவில்லை. ஒரு செருப்புக் கூட அறுந்து கிடக்கவில்லை.

பாட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான்தான் காப்பாற்றினேன் என்று எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் 'இரியுங்க' என்ற அந்தச் சொல்லுக்கு அன்றைக்குக் கறண்டு இருந்தது. அந்தச் சொல் தேவைப்படும் என்று காலையில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதிதான் இருக்கிறது என்று தெரிந்தால் மனுஷன் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று யோசிக்கிறான். நிறைந்தது என்று நம்பினால் பாட்டு வைக்கிறான். அதியன்னூர் வாத்தியாரிடம் நான் கேட்டதும் அதுதான்: நாளைக்கு எங்கே போகிறீர்கள்? அதை முதலில் கேளுங்கள், பிறகு எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் பேட்டரி சாய்ப்புக்குத் திரும்பி வந்தது. ஆசானும் வந்திருந்தார். யாரோ எல்லாம் சொல்லியிருப்பார்கள் போல, என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்று கோட்டைப் பார்த்தார். பேட்டரியைத் திறந்து குனிந்து உள்ளே பார்த்தார். தகடுகள் வளையாமல் இருந்தன.

"பாட்டு வச்சில்ல?" வைக்கவில்லையா என்று கேட்டார்.

"இல்ல."

"ம்" என்றார். பிறகு, "நாளைக்கு நெய்யாற்றின்கரையில யோகம் உண்டு. இதுதான் போகணும். முழுசா ஏறட்டும்" என்றார். யோகம் என்றால் கூட்டம். அவர் வீட்டுப் பக்கத்துக் கூட்டம், எங்களுக்கு எதிரே நிற்கிற கூட்டம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஆசிட் ஜாடியை அவிழ்க்கப் போனார்.

நான் மழைத்தண்ணீர்ப் பரணியை எடுத்துக் குறைவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. என் வீட்டுக்காரர். முந்தின சாயங்காலத்திலிருந்து அவர் என்னோடு பேசியிருக்கவில்லை. அந்தச் சாய்ப்புக்குள் அதுவரை காலடி வைத்ததும் இல்லை.

"அது அவங்களுக்கா?" என்றார்.

"ஆமா."

"முழுசாவா?"

"முழுசா. இன்னைக்கு நேரம் உண்டு."

"நமக்குப் பாதி. அவனுக்கு முழுசு."

பரணியை மூடினேன். "அங்கயும் ஒருத்தன் முன்னால கொடி பிடிப்பான்" என்றேன். "அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா."

எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பேட்டரியை டைனமோப் பக்கம் நகர்த்த வேண்டும், வெயில் அதன்மேல் ஏறத் தொடங்கியிருந்தது. நான் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"எங்க வைக்கணும்?"

"நிழல்ல" என்றேன்.